கரும்பலகையில் பன்னிரண்டு

மகளிர் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் சலவைக் கடையில், கூடைப்பந்து மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கரும்பலகை வெளியே வரும். நாளைக்கு இறங்கப் போகிறவர்களைப் பற்றி இஸ்திரிக்காரர் தன் தீர்ப்பை அதில் எழுதுவார். கல்லூரி ஆடிய எந்த மேட்சையும் அவர் விட்டதில்லை.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் பலகையில் இப்படி இருந்தது:

'நாலு: குள்ளம்தான். ஆனால் பந்துக்கு இவள் கை தாய்வீடு.

பதினொன்று: முதலில் ஓடுகிறாள். எதற்கென்று அப்புறம் யோசிக்கிறாள்.

எட்டு: அணியின் தூண். நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டாள்.

பன்னிரண்டு: மூன்று வருஷமாகப் பெஞ்சைச் சூடாக்குகிறாள். நாளைக்கும் அதையே செய்தால் கல்லூரிக்குப் புண்ணியம்.'

பெண்கள் கூட்டமாக நின்று படித்துச் சிரித்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வருஷம். நாளையோடு கல்லூரி ஆட்டம் முடிகிறது. ஒரு நிமிஷம்கூட அவள் இன்னும் களத்தில் இறங்கியதில்லை.

"அண்ணே, நான் ஆடி நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஆடினாத்தானே பாக்கறதுக்கு!"

மறுபடியும் சிரிப்பு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, உன் நாக்குல நரம்பே கிடையாதா? ஆளைப் போடறது தாளாளர். எட்டாம் நம்பர் அவர் அண்ணன் பொண்ணு. இந்தப் புள்ள என்ன பண்ணும்?"

"விமர்சனம்னா அப்படித்தான்கா இருக்கும்."

"கிழிச்சே! அந்த அம்மாவும்தான் இருக்காங்களே, கோச்சுன்னு பேரு. தாளாளர் சொன்னா தலையாட்டறதோட சரி."

சொல்லி வாய் மூடவில்லை, தாளாளரின் கார் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து கோச் அம்மாவும் இறங்கினார். இருவரும் பலகையைப் படித்தார்கள்.

"தூண்! பரவாயில்லையே, விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கானே" என்றார் தாளாளர். அடுத்த வரிக்கு வந்ததும் முகம் கறுத்தது.

"யோவ்! பெஞ்சைச் சூடாக்கறதுக்கா நான் காலேஜ் நடத்தறேன்? என்ன திமிர் உனக்கு?"

இஸ்திரிக்காரர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"உள்ளதைச் சொன்னேன் சார். தைரியம் இருந்தா இறக்கிப் பாருங்க. பத்து நிமிஷம் தாங்காது."

"எனக்கா தைரியம் இல்ல? மேடம், நாளைக்கு இவளை இறக்குங்க!"

கோச் அம்மா கையைப் பிசைந்தார். "வேண்டாம் சார்... ஃபைனல் சார்..."

"இறக்குங்கன்னா இறக்குங்க! இஸ்திரி போடறவன் சொல்லி நான் டீம் போடணுமா?"

"அப்ப யாரை எடுக்கறது சார்? எல்லாம் நீங்க போட்ட ஆளுங்க. எட்டாம் நம்பரைக் கடைசி நேரத்துக்குன்னு பத்திரமா வெச்சுக்கலாமா? தூணாச்சே..."

"அதையும் நானே சொல்லணுமா? செய்யுங்க!"

கார் கிளம்பிப் போனது.

மறுநாள் தூண் பெஞ்சில் பத்திரமாக இருந்தது. பன்னிரண்டு இறங்கினாள். யார் மேலேயோ இருந்த கோபத்தையெல்லாம் பந்தில் வைத்து எறிந்தாள். தனியாகப் பதினேழு புள்ளி. கல்லூரி மூன்று புள்ளியில் ஜெயித்தது. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "திறமை எந்த மூலையில ஒளிஞ்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது" என்று தாளாளர் மைக்கில் பேசினார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு தன் ஜெர்சியைக் கொண்டுவந்து சலவைக் கடை மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"இப்ப எழுதுங்கண்ணே, பாக்கலாம்."

"ஏதோ குருட்டாம்போக்குல விழுந்துச்சு. அதுக்கு இவ்வளவு அலட்டலா?"

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். படியிறங்கிப் போகும்போது ராணி மாதிரி போனாள்.

"கல்லுய்யா நீ, கல்லு!" என்றார் ஜெராக்ஸ் அக்கா. சாப்பாட்டு நேரம். தலையில் அடித்துக்கொண்டே ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தார்.

இஸ்திரிக்காரர் ஜெர்சியை விரித்தார். மூன்று வருஷமாக எல்லா ஜெர்சியும் வேர்வையில் ஊறித்தான் திரும்பி வரும். இது ஒன்று மட்டும் அவர் போட்ட மடிப்பு கலையாமல் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு உப்பு பூத்துக் கசங்கியிருந்தது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோச் அம்மா கடைக்குள் வந்தார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு அழுதுச்சே மேடம், எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல" என்றார் இஸ்திரிக்காரர்.

"எனக்கு மட்டும்? அவகிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?"

"வேண்டாம் மேடம். என்னை ஜெயிச்சுட்டோம்னு சந்தோஷமா போகுது. போகட்டும்."

கோச் அம்மா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"அடுத்த சீசனுக்கு ஆறாம் நம்பர். போன தடவை எழுதிக் குடுத்ததைவிட இதுல கொஞ்சம் காரம் கூட்டியிருக்கேன். ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எழுதிடுங்க!"