சேஷய்யருக்குக் குளோரோபாரம்

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ டாக்டர். அரைமயக்கத்துல கத்தியைப் பாத்தேன்னா எழுந்து ஓடிடுவேன், கேட்டேளா?” மூக்கை மூடிய துணிக்குள்ளிருந்து சேஷய்யர் குரல் கொடுத்தார். கரமனையில் கல்யாணச் சமையலுக்குப் பேர்போன மனிதர். கண்ணில் புரை விழுந்து, உப்பையும் சர்க்கரையையும் நக்கிப் பார்த்துப் போடும் நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

டாக்டர் ஞானசிகாமணி மறுபடியும் அவர் நாடியைப் பிடித்தார். ஒழுங்காக நடந்த நாடி திடீரென்று ஓர் அடியை விழுங்கிவிட்டு, அப்புறம் தடதடவென்று ஓடியது. இந்த இதயத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தால் கண் பிழைக்கும், ஆள் பிழைக்கமாட்டார்.

கண்ணை மட்டும் மரக்க வைக்கும் சொட்டு மருந்து போதும் என்று காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்தாயிற்று. “முழிச்சிண்டா? நான் ஆத்துக்குப் போறேன்” என்று சேஷய்யர் செருப்பைத் தேடினார். வேறு வழியில்லாமல் டாக்டர் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டு, மூக்குத் துணியில் பன்னீரைத் தெளித்திருந்தார்.

“மூச்ச நல்லா இழுங்க சாமி. இப்ப ஒறக்கம் வந்திரும்.”

ஞானசிகாமணி தனியாகக் கத்தி பிடிப்பது அன்றுதான் முதல் தடவை. சேஷய்யரின் நெற்றியில் ஊன்றிய விரல்கள் வெடவெடத்தன. முழித்திருக்கும் மனிதர் துள்ளினால் கண்ணே போச்சு!

“டாக்டரே, நாளைக்கு வச்சுக்கிடுவமா?” நர்ஸ் ராகேல் கிசுகிசுத்தாள்.

அந்த நேரம் பார்த்து சேஷய்யர் குறட்டை விட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற குறட்டை. வெறும் பன்னீரிலேயே தூங்கிவிட்டாரே! டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கையும் நிதானத்துக்கு வந்தது.

“கீழ பாருங்க” என்றார் பழக்கதோஷத்தில். கண் கீழே பார்த்தது. குறட்டை அதுபாட்டுக்குத் தொடர்ந்தது. புரை முழுசாக வெளியே வந்து விழுந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டருக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தலைகால் புரியவில்லை. சேஷய்யரின் தோளை மெல்லத் தொட்டார். “அசையாம படுத்துக்கிடுங்க சாமி. எல்லாம் முடிஞ்சாச்சு. குளோரோபாரம் எப்படி?”

“பேஷ், ஒசத்திப் பன்னீர்!” என்றார் சேஷய்யர்.

ராகேல் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் குனிந்து சேஷய்யரின் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ... நீங்க ஒறங்கலியா சாமி?”

“நன்னாருக்கே! உங்க கை அந்த நடுக்கம் நடுங்கித்து. நீங்க பயப்படக் கூடாதேன்னு நான்தான் உங்களுக்கு மயக்கம் குடுத்தேன்.”