மாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது

"உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? பொண்ணை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் வெந்நீர் வைக்கச் சொல்வீங்க?"

டிரைவிங் மாஸ்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பிறகு காலி டம்ளரை மகள் பக்கம் நீட்டினார்.

மகள் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மாஸ்டரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனுஷன் சாதாரணமாகவே கத்திப் பேசுகிறவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை அப்படி. "பிரேக்... பிரேக்... யோவ், பிரேக்கை மிதிய்யா!" என்று நாள் முழுக்கத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு வருவார். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டிலும் போகாது. யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே ஒரு மிதி. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும்.

போன மாசம் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மகள் பெட்டியும் கையுமாக வந்து நின்றபோதும் அதுதான் நடந்தது.

"அப்பா, நான் இனிமே அங்கே..."

"பரீட்சை நேரத்துல வந்து நிக்கிறியே, அறிவிருக்கா உனக்கு?"

அவர் போட்ட சத்தத்தில் மூடிய வாய்தான். ஏன் வந்தாள், என்ன நடந்தது, திரும்பிப் போவாளா, எதுவும் தெரியாது. அம்மாக்காரி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

அந்தக் கவலை போதாதென்று இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் சுத்தமாகப் போய்விட்டது.

உப்புப் போட்டு வெதுவெதுப்பாகக் கொப்பளிக்கச் சொன்னதே அம்மாக்காரிதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே. கொப்பளிப்பது, தேன் கலந்த தண்ணீர், ஆவி பிடிப்பது என்று எல்லாவற்றையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, "அப்பாவைப் பார்த்துக்கோ" என்று ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள். மனுஷன் சுகம் கண்டுவிட்டார்.

உப்பு குறைச்சல் என்று ஒரு ஜாடை. சூடு போதாது என்று இன்னொரு ஜாடை. அந்தப் பெண் எழுந்தால் ஆகாது, உடனே டம்ளரை நீட்டிவிடுவார். வேலைக்கும் மட்டம்.

"எந்தத் தொண்டைவலி இவ்வளவு நாள் இருக்கும்? வாயைத் திறங்க, பார்ப்போம்."

செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கிட்டே போனாள். மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சின்னக் குழந்தைகூட டாக்டர்கிட்ட வாயைத் திறக்கும்!"

அவர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீடு திரும்பினாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம், துணிக்கொடி அருகே, மாஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல்.

"இல்ல சார், இன்னும் கொஞ்ச நாள் லீவு வேணும். தொண்டை எங்க சரியாச்சு?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நினைச்சேன்! எல்லாம் நடிப்பு! அந்தப் பொண்ணு என்ன துன்பத்துல இருக்கோன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க அவளை வேலைக்காரி மாதிரி..."

மாஸ்டர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார்.

"மெதுவா பேசு. அவ காதுல விழுந்தா எல்லாம் போச்சு."

கையைத் தட்டிவிட்டாள். "என்ன போச்சு?"

"தொண்டை நாலு நாள் முன்னாடியே சரியாயிடுச்சு" என்றார் கிசுகிசுப்பாக. "குரல் வந்திடுச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ டம்ளரைக் குடுத்துட்டுப் பக்கத்துல உட்கார்ந்தா. 'அப்பா, உங்களால இப்பக் கத்த முடியாதுல்ல?'ன்னு கேட்டா."

அவள் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"முடியாதுன்னு தலையாட்டினேன். அப்பத்தான் சொல்லவே ஆரம்பிச்சா. பாடம் ஒண்ணும் புரியலையாம். கிளாஸ்ல எழுந்து நின்னாலே சிரிக்கிறாங்களாம். ரூம்ல யாரும் இவகூடப் பேசறது இல்லையாம். நான் கொப்பளிச்சு முடிக்கிற வரைக்கும் சொல்லுவா. டம்ளர் காலியானா எழுந்து போயிடுவா. அதான் வெந்நீர் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆன கண்ணீர்.

"இன்னும் என்னவோ இருக்கு. வாய் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது. நான் ஒரு வார்த்தை பேசினாலும் அவ மறுபடி மூடிக்குவா."

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு மகள் எட்டிப் பார்த்தாள்.

"நீ எப்பம்மா வந்தே? இங்க அப்பா குரல் கேட்ட மாதிரி இருந்துச்சே?"

முகத்தில் ஒரு பயம். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவா? நல்லாப் பேசினாரு போ! அது பக்கத்து வீட்டுக்காரர் போன்ல கத்தினது. இவருக்குக் குரல் வர இன்னும் நாளாகும்டா கண்ணு. நீ வந்து அப்பா பக்கத்துல உட்காரு. இனிமே வெந்நீரை நான் வைக்கிறேன்."