கடலடியில் வந்த நெஞ்சு

நடுப்பகலிலும் வட நார்வேயின் ஜனவரி இருட்டு ஜன்னலில் அப்பிக் கிடக்கிறது. அறைக்குள் இரண்டு திரைகளின் வெளிச்சம் மட்டும். இடது திரையில் தீவு மீனவர் ஒருவரின் நெஞ்சு ஸ்கேன். நுரையீரலில் பட்டாணி அளவு வெள்ளைப் புள்ளி. நாளை அறுவைச் சிகிச்சை. பழைய படத்தைப் பார்க்காமல் புதியதைப் பற்றி டாக்டர் ரன்ஃப்ரிட் வாயே திறக்கமாட்டாள். மூடிப்போன தீவு மருத்துவமனையின் படங்களை இன்றுதான் கணினிக்காரன் டூர்லைஃப் இந்த மருத்துவமனையோடு இணைத்திருக்கிறான்.

"வருமா, வராதா?"

"கடலுக்கடியில கேபிள்ல வரணும்மா தாயே, கொஞ்சம் பொறு."

வலது திரை கறுப்பாகவே இருக்கிறது. பிறகு, மூடுபனி விலகுவதுபோல் தோள் தெரிகிறது, விலா தெரிகிறது, இருபது வருடத்துக்கு முந்தைய அதே மனிதரின் நெஞ்சு விரிகிறது. மௌஸின் சக்கரத்தை அவள் உருட்ட, இளமையும் முதுமையும் பக்கம் பக்கமாக ஒரே சீராக இறங்குகின்றன. சக்கரம் நிற்கிறது. அதே இடத்தில் அதே பட்டாணி. இரண்டையும் அளக்கிறாள்; மயிரிழைகூட வளரவில்லை. டூர்லைஃப் வாயில் போட்ட ரொட்டியை மென்று விழுங்க மறக்கிறான். இத்தனை வருடமாகப் படங்களை அனுப்பியிருக்கிறானே தவிர, ஒன்றையும் அவன் நின்று பார்த்ததில்லை. அவள் தொலைபேசியை எடுத்து அறுவைச் சிகிச்சை மருத்துவரை அழைக்கிறாள்.

"கத்திய உறையில வைங்க. அது புற்று இல்ல, பழைய தழும்பு. மனுஷன வலை போடப் போகச் சொல்லுங்க."

டூர்லைஃபின் கை அவனறியாமல் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறது.