இருபதாவது கார்

"எங்கடா வாங்கினே இந்த வண்டியை?"

கேட்டுக்கொண்டே வெர்னர், நண்பருக்காக நிரப்பிய காபிக் கோப்பையைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே புத்தம்புது வெள்ளைக் கார் நின்றது. வெர்னர் விற்கிற அதே கம்பெனி, அதே மாடல். ஆனால் பின்கண்ணாடி ஸ்டிக்கரில் இருந்ததோ ஜெர்மன் ஊர் ஒன்றின் பெயர்.

"ரைன் ஆத்துக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில," என்றார் ரூடி. "பனிக்கால டயர் மாட்டணும். அதான் வந்தேன்."

"ஓ! வாங்குறது அங்க, டயர் மாட்ட மட்டும் நானா? உன் சௌகரியத்துக்கு நான் என்ன உன் வீட்டு வேலைக்காரனா?"

ரூடி தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் தோழர்கள். ஊர்த் தீயணைப்புப் படையில் பதினைந்து வருடம் ஒரே குழாயைப் பிடித்து ஓடியவர்கள். இந்த ஆளா இப்படிச் செய்தார் என்று நினைக்க நினைக்க வெர்னருக்கு ஆறவில்லை.

"வரியெல்லாம் கட்டியும் ஏழாயிரம் ஃபிராங்க் கம்மி, வெர்னர். அடுத்த வாரத்துலேருந்து தினமும் சூரிச் வரைக்கும் வேலைக்குப் போய் வரணும். பழைய வண்டி தாங்காது. கையில அவ்வளவுதான் இருந்துச்சு."

"எங்கிட்ட வந்து கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ ஆயிரம் குறைப்பே. ஏழாயிரம் குறைக்க உன்னால முடியுமா?"

முடியாதுதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ரூடியின் முன்னால் வீசினார்.

"படி! டிசம்பருக்குள்ள இருபது புது வண்டி விக்கலைன்னா போர்டைக் கழட்டிடுவோம்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். எங்கப்பா மாட்டின போர்டு அது! பத்தொன்பது வித்துட்டேன். இருபதாவது நீதான்னு நெனச்சிருந்தேன். இந்த வருஷம் இந்த ஊர்ல வேற எவனும் வண்டி வாங்கப் போறதில்ல."

ரூடி கடிதத்தை முழுதாகப் படித்தார். அவர் முகம் சுருங்கியது. "இது எனக்குத் தெரியாது," என்றார்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் வாங்கிக் கிழிச்சிருப்பியா? நீயும் ஒரு கடை வெச்சிருக்கிறவன்தானே? வாடிக்கைக்காரன் போனா எப்படி வலிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இந்த மாசத்தோட கடையும் இல்ல, மூடப் போறேன்."

"பேச்சை மாத்தாதே! இப்ப என் கடையைப் பத்திப் பேசறோம்."

சத்தம் கேட்டு, உள்ளே வண்டி உதிரிபாகங்களை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி அன்னலீஸ் வெளியே வந்தாள். கணவன் சொன்னதைக் கேட்டு அவளுக்கும் சுருக்கென்றது. "உங்ககிட்ட இதை நாங்க எதிர்பார்க்கலை, ரூடி," என்றாள். "எப்பப் போய் எடுத்தீங்க?"

"போன சனிக்கிழமை. காலையில."

அன்னலீஸின் முகம் மாறியது. "சரி, விடுங்க," என்று கணவனின் சட்டைக் கையை இழுத்தாள். "ஏதோ அவர் கஷ்டம் அவருக்கு. டயரை மாட்டிக் கொடுத்து அனுப்புங்க."

"என்னத்தை விடறது?" வெர்னர் கையை உதறினார். "தபால் ஆபீஸ் போச்சு. ரொட்டிக்கடை போச்சு. எதனால? இந்த மாதிரி ஆளுங்களால! வாங்குறது இந்த ஊர்ச் சம்பளம், செலவழிக்கிறது அந்த ஊர்க் கடையில! ஸ்கூல் விழாவுக்கு நன்கொடை வேணும்னா மட்டும் என் வாசல்ல வந்து நிப்பாங்க. ஜெர்மன்காரன் கொடுப்பானா நன்கொடை?"

"என்னங்க, போதும்ங்க..."

"நீ சும்மா இரு! நாலு காசு மிச்சம்னு எல்லை தாண்டுறவன் ஊருக்குத் துரோகி. அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லுவேன், எனக்கென்ன பயம்?"

ரூடி கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"திட்டு. நான் செஞ்சது சரின்னு சொல்லலை. எனக்கே கூசிச்சு. சாவியை வாங்கும்போது கூட நம்ம ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

"பார்க்கணும்! பார்த்திருந்தா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிருப்பே?"

"என்னை யாரும் பார்க்கலை. நான்தான் பார்த்தேன்."

"யாரை?"

"உன்னை."

வெர்னர் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். அன்னலீஸ் காபி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"தண்ணி பாட்டில் வாங்கலாம்னு பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சேன். வரிசையில எனக்கு நாலு பேர் முன்னால நீ நின்னே. வரி இல்லாம ஆளுக்கு ஒரு கிலோதான் கொண்டு வரலாம் இல்லையா? அதனால அன்னலீஸையும் கூட்டிட்டு வந்திருந்தே. சக்கர நாற்காலியில உன் மாமியாரையும் தள்ளிட்டு வந்திருந்தே."

கண்ணாடிக் கதவைத் திறந்த ரூடி, வாசலில் ஒரு கணம் நின்றார்.

"உனக்குக் கொலஸ்ட்ரால், டாக்டர் கறியே தொடக்கூடாதுன்னுட்டார்னு அன்னலீஸ் சொன்னதை மூணு வருஷமா நம்பிட்டு இருந்தேன், வெர்னர்," என்றார், அந்த ஊரின் ஒரே கறிக்கடைக்காரர்.