காயாத துணி

"துணியெல்லாம் ஈரமா இருக்கு பாரு!" வாளியைக் காட்டி அதட்டினாள் மாமியார்.

"நல்லா காய்ஞ்சப்புறம்தானே மடிச்சு வெச்சேன், அத்தை?"

"வாயாடாதே. மாடியில கொண்டுபோய் உலர்த்து. டேய், நீயும் கூடப் போ! காத்துல பறந்துடும். காயற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே இருங்க."

நாலைந்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகனும் மருமகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியேறினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"காய்ஞ்ச துணியை நீயே எதுக்கு நனைச்சே?" என்றார் மாமனார்.

"இத்தனை பேர் இருக்கிற வீட்டுல அதுங்க எங்கே மனசு விட்டுப் பேசும்? நாம என்னிக்காவது அப்படி வெளியில நின்னு பேசியிருக்கோமா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழாயில் நனைத்தார்.

"இதுவும் ஈரமாத்தான் இருக்கு. அவங்க இறங்கினதும் நாம போவோமா?"