ஒரு சந்தேகம் சார்

மணி அடித்து, வகுப்பு மொத்தமும் வெளியே ஓடிவிட்டது. அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் மட்டும் இன்றைக்கும் கெமிஸ்ட்ரி சாரின் மேசை முன்னால் நின்றாள்.

"ஒரு சந்தேகம் சார்."

தொட்டியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்த லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வாரத்தில் இது நாலாவது சந்தேகம்.

ஆய்வக உதவியாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் லேப் அக்கா. தலைமையாசிரியைகூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடமாகக் கழுவிக்கொண்டே காதில் வாங்கிய பாடத்தில் அவளே பரீட்சை எழுதிப் பாஸாகிவிடலாம்.

"சூடான இரும்பைத் தண்ணியில போட்டா, வெப்பம் தண்ணிக்குப் போயிடுது. அது திரும்ப இரும்புக்கே வருமா சார்?"

"தானா வராதும்மா. வெளியிலேருந்து வேலை செஞ்சாத்தான் வரும். ஃப்ரிட்ஜுல நடக்குதே, அது மாதிரி."

"வேலை செஞ்சா வந்துடுமா?"

சார் சாக்பீஸை விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வரும். ஆனா சும்மா வராது."

மேசையைத் துடைக்கும் சாக்கில் லேப் அக்கா எட்டிப் பார்த்தாள். விரித்து வைத்திருந்த நோட்டில் அந்தக் கேள்விக்கு விடை, ஃப்ரிட்ஜ் படத்தோடு, ஏற்கெனவே எழுதியிருந்தது. தெரிந்ததையே எதற்குக் கேட்கிறாள்?

சார் இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். தனி ஆள், யாரோடும் ஒட்டமாட்டார். அந்த நோட்டைப் பார்த்த நாளிலிருந்து லேப் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

அமிலம் எடுக்கும் நாளில் நாற்பது பேரையும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டச் சொன்னவர், இவளுக்கு மட்டும் தன் கையாலேயே வாரை இறுக்கிவிட்டார். மார்க் தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்காதவர்களை வாசலில் நிறுத்தினார். இவள் தாளில் அப்பா கையெழுத்துக்கான இடம் காலியாகக் கிடந்தது; ஏன் என்று கேட்காமல் புரட்டிவிட்டார். சாயங்காலம் அவள் சாலையைக் கடந்து பஸ் ஏறும்வரை ஜன்னலை விட்டு அவர் நகர்வதில்லை.

அலுவலகத்தில் கேட்டதற்குக் கிளார்க் அவளுடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். தந்தை என்ற இடத்தில், 'காலமாகிவிட்டார்.'

இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தவள் லேப் அக்கா. கேட்க ஆளில்லாத பிள்ளை என்று நினைத்துவிட்டாரா? நேரே தலைமையாசிரியையிடம் போய் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மதியம் சாரைக் கூப்பிட்டார்கள். லேப் அக்கா வாசலிலேயே நின்றாள்.

"அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு அக்கறை?"

சாரின் முகம் வெளிறிப்போனது.

"அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்ல. விசாரணைன்னு வந்தா கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"வேண்டாம் மேடம். அவங்களைக் கூப்பிடாதீங்க. நானே போயிடறேன்."

குற்றமுள்ள நெஞ்சு எப்படிக் குறுகுறுக்கிறது பார் என்று லேப் அக்கா நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, குடையும் சாப்பாட்டுப் பையுமாக சார் படியிறங்கினார். அவளைக் கடந்து நாலு எட்டு போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் பொண்ணு அவசரக்காரிங்க. ஆசிட்ல தண்ணியை ஊத்திடுவா, மேல தெறிச்சுடும். கொஞ்சம் பக்கத்துல நின்னு பார்த்துக்குங்க."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க" என்றாள் வெடுக்கென்று.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கக்கூட இல்லை; ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டுத் திட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் கெமிஸ்ட்ரி வகுப்பில் கணக்கு டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். அந்தப் பெண் நோட்டும் கையுமாகக் காலி மேசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொட்டிப் பக்கம் வந்தாள்.

"அக்கா, சார் இன்னைக்கு லீவா?"

லேப் அக்கா குழாயை மூடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இனிமே வரமாட்டார் கண்ணு. வேலையை விட்டே போயிட்டார். நீ ஒண்ணும் பயப்படாதே. நான்தான் மேடம்கிட்ட சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"பார்த்ததைச் சொன்னேன். உன்கிட்ட அவர் நடந்துக்கிட்டதெல்லாம்."

பெண் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, ஏதாச்சும் தப்பா பேசினாரா? மனசுல வெச்சுக்காதே. உங்கம்மா மாதிரி நினைச்சு என்கிட்ட சொல்லு."

இல்லை என்று தலையை ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். லேப் அக்கா ஈரக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தத் தோள் குலுங்கியது.

"எங்க போனார்னு தெரியுமாக்கா? வீடு எங்கேன்னாவது தெரியுமா?"

"தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"அம்மா பீரோவுல கல்யாண போட்டோ பார்த்திருக்கேன்க்கா. அவர் எங்கப்பா. எனக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது."