கோட்டில் தைத்த பெயர்

"இன்னும் ரெண்டு வாய்தான், குடிச்சிடுங்க."

ராணுவ மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவனுக்கு முகமெல்லாம் கட்டு, பேச்சு வரவில்லை. அவள் ஊட்டிய சூப்பை மட்டும் விழுங்கினான்.

அவள் கணவன் போர்முனையில் மருத்துவ உதவியாளன். 'படுகாயம்' என்று தகவல் வந்ததும் ஓடி வந்தவள், மூன்று நாளாக இந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

சூப்புக் கிண்ணமும் கையுமாக இருந்தவளை நர்ஸ் வராந்தாவுக்கு அழைத்தாள்.

"அக்கா, இவர் போட்டிருந்த கோட்டுல தைச்சிருந்த பேரைப் பார்த்துப் பதிஞ்சுட்டோம். ரத்த வகை ஒத்துப்போகல. இவர் உங்க வீட்டுக்காரர் இல்ல."

"தெரியும்மா. முதல் நாள் கையைப் பிடிச்சப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"கோட்டுல அஞ்சு பட்டனும் போட்டிருந்துச்சுன்னு நீதானே சொன்னே? குண்டு விழுற இடத்துலயும் என் வீட்டுக்காரர் தன் கோட்டைக் கழட்டி இவருக்கு மாட்டி, நிதானமா பட்டன் போட்டு விட்டிருக்கார். அப்படின்னா அவர் நல்லாத்தான் இருக்கணும். அவர் காப்பாத்தின ஆளை நான் பாதியில விட்டுட்டுப் போனா, வீட்டுக்குள்ள சேர்ப்பாரா அந்த மனுஷன்?"

வாசலில் காயம்பட்டவர்களோடு ஒரு வண்டி வந்து நின்றது. கோட்டில்லாமல் குளிரில் நடுங்கியபடி இறங்கியவன், அவளைப் பார்த்ததும் கேட்டான்.

"நீ எப்படி இங்க? சரி, என் கோட்டுக்காரன் பொழைச்சுட்டானா?"

"ம். இன்னும் ரெண்டு வாய் இருக்கு, நீங்க ஊட்டுங்க."

கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அப்போதுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.